யார் போட்டது, அண்ணே?

2018 நவம்பர் 26, திங்கட்கிழமை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் டவுனில், நான் வழக்கமாகத் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடிக்கும் சாலையோர ஒட்டுக்கடையில் அன்று காலை யாரும் உட்காரவில்லை. ஐந்தாறு பேர் ஒரே கைப்பேசியைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். ஒரு குரல் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. சிலாங்கூரில், சுபாங் ஜெயாவில், சீஃபீல்டு மாரியம்மன் கோயிலில் விடியற்காலையில் கும்பல் புகுந்துவிட்டது, வெட்டுக்குத்து நடக்கிறது, அடுத்து ஈப்போ பக்கம் வருகிறார்கள், பிள்ளைகளை வெளியே அனுப்பாதீர்கள் என்று மூச்சிரைக்கப் பேசினார் யாரோ ஒருவர். சுபாங் ஜெயா எங்கள் ஊரிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல்.

"யார் போட்டது, அண்ணே?" என்று கைப்பேசி வைத்திருந்தவரைக் கேட்டேன்.

"நம்ம குரூப்லதான் தம்பி."

"குரூப்ல யாரு?"

"என் மச்சான்."

"மச்சானுக்கு யாரு அனுப்புனா?"

"அது தெரியாதுலா. ஆனா மச்சான் பொய் சொல்ல மாட்டான்."

கோயிலில் கும்பல் புகுந்தது உண்மை. நூறாண்டு கடந்த அந்தத் தோட்டத்துக் கோயிலின் நிலம் தொடர்பாக நெடுநாளாக இருந்த தகராறு அது. இனக் கலவரம் அல்ல என்று அரசாங்கமும் போலீசும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அங்கே கடமையில் இருந்த தீயணைப்பு வீரர் முகமது அடிப் படுகாயமடைந்து டிசம்பர் 17-ஆம் தேதி இறந்துபோனது பெரிய துயரம். ஆனால் ஈப்போ பக்கம் யாரும் வரவில்லை. டவுன் வழக்கம்போல இயங்கியது. குரல் பதிவில் பேசியவர் யாரென்று எங்கள் ஊரில் இன்றுவரை எவருக்கும் தெரியாது.

ஊடகத்தின் பலம் என்று பேச்சு வந்தால் தொலைக்காட்சியையும் முகநூலையும் காட்டுவது வழக்கம். எனக்கு அந்த மச்சான்தான் நினைவுக்கு வருவார். எங்கோ உருவான ஒரு செய்தி எங்கள் ஊர் ஆள் ஒருவரின் மனத்துக்குள் போய் உட்கார வேண்டுமானால், நடுவில் அவர் நம்பும் ஒரு முகம் வேண்டும். இந்தத் தோட்டத்து ஊரில் தொண்ணூறு, நூறு வருடமாக அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. மாறியதெல்லாம் அந்த நடு ஆள்தான்.

என் தாத்தா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கொரியப் போர் நடந்ததும் அதனால் 1950, 51-இல் கித்தா (ரப்பர்) விலை எகிறியதும் அவருக்குத் தெரிந்திருந்தது. எப்படி? தோட்டத்துப் பள்ளி வாத்தியார் பேப்பர் படிப்பார். விடியுமுன் பிரட்டுக்கு (பெயர் கூப்பிடும் வரிசைக்கு) நின்று, நிரை (மரவரிசை) பிடித்து வெட்டி, பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தால் பிற்பகல் ஆகிவிடும். குளித்துச் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தால், வாத்தியார் வீட்டு வாசல் பலகையில் தமிழ் நேசன் காத்திருக்கும். கோலாலம்பூரில் அச்சான தாள், ஒரு நாள் தாமதமாக வரும். அதனால் யாருக்கும் குறையில்லை. வாத்தியார் உரக்கப் படிப்பார், பதினைந்து இருபது பேர் கேட்பார்கள். படித்து முடித்ததும் அடுத்த வேலை ஆரம்பமாகும். "அப்படின்னா நமக்கு என்னா வாத்தியாரே?" என்று ஒருவர் கேட்க, வாத்தியார் விளக்குவார். கித்தா விலை ஏறினால் கூலியும் ஏற வேண்டும் என்ற கணக்கு, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு அந்தப் பலகையிலிருந்துதான் வந்தது. அதைச் சொல்லத் துரைக்கு அவசியம் இல்லை.

அப்பா இன்னொன்றும் சொல்வார். வேலையை மேற்பார்க்கும் தண்டல் அந்தப் பக்கமாக நடந்து போனால் வாத்தியாரின் குரல் வேறு பக்கத்துக்குத் தாவிவிடும். வேலைநிறுத்தச் செய்தி பாதியில் நின்று, இந்தியாவில் எங்கோ நடந்த கும்பாபிஷேகம் தொடங்கிவிடும். தண்டல் போனபின் மீண்டும் பழைய பக்கம்.

1940-இல் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, ஒஹையோ மாநிலத்தின் ஈரி என்ற வட்டாரத்தில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் வாக்காளர்களை மாதக்கணக்கில் தொடர்ந்து கேட்டுப் பார்த்தார்கள். வானொலியும் பத்திரிகையும் மனிதர்களை நேரடியாகப் பிடித்து ஆட்டுகின்றன என்ற எண்ணம் பரவியிருந்த நேரம் அது. அவர்கள் கண்டது வேறு. செய்தி முதலில் ஊரில் சிலரைப் போய்ச் சேருகிறது, அந்தச் சிலர் வழியாகத்தான் மற்றவர்களைச் சேருகிறது. இரண்டு படி. பத்து வருடம் கழித்து, 1950-இல், டேவிட் மேனிங் வைட் என்பவர் ஒரு சிறு நகரப் பத்திரிகை ஆசிரியரின் மேசையை ஆராய்ந்தார். கம்பிவழி வந்த செய்திகளில் பத்தில் ஒன்பது பங்கை அந்த ஆசிரியர் ஒதுக்கிவிட்டிருந்தார், பெரும்பாலும் தன் விருப்பு வெறுப்பின்படி. எங்கள் வாத்தியார் இந்த இரண்டு ஆய்வுக்கும் ஒரே ஆளாகச் சாட்சி சொல்லியிருப்பார். ஊருக்குச் செய்தி சொன்னவரும் அவரே, எதைச் சொல்லக்கூடாது என்று முடிவெடுத்தவரும் அவரே.

ஆனால் ஒன்று. வாத்தியார் சொன்னது தப்பாகப் போனால் மறுநாள் அதே பலகையில் அவரைப் பிடித்துக் கேட்கலாம். ஓடி ஒளிய அவருக்கு இடம் கிடையாது.

கி. நரசிம்ம ஐயங்கார் 1924-இல் தொடங்கிய தமிழ் நேசனும், 1935-இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் இந்த நடு ஆட்களை நன்றாகப் புரிந்து வைத்திருந்தன. 1950-இல் தமிழ் நேசன் 'கதை வகுப்பு' நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் பத்திரிகைப் பக்கத்திலேயே சிறுகதை எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். தோட்டத்து வாத்தியார்களும் கிராணிகளும் (எழுத்தர்களும்) எழுதி அனுப்பினார்கள். தாளைப் படித்துக் காட்டியவரே தாளுக்கு எழுதுகிறவராகவும் ஆனார். முரசு பக்கத்தில் சாரங்கபாணி 'தமிழர் திருநாள்' என்று அறிவித்தால், கொட்டாய் போட்டுப் பேச்சுப்போட்டி வைக்கத் தோட்டத்தில் ஆள் இருந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது கூலிக்காரர்களும் கையிலிருந்ததைக் கொடுத்தார்கள். பேப்பரில் போட்டதற்காகவே அவர்கள் கொடுத்தார்கள் என்று நான் நம்பவில்லை. பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றவர் தெரிந்தவர்.

எங்கள் ஊருக்கும் செய்திக்கும் இன்னொரு பழைய கணக்கு உண்டு. 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்பில் தோட்டம் அதில் ஒன்று. இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். சுங்கை சிப்புட் என்ற பெயரை உலகப் பத்திரிகைகள் அச்சிட்டது அந்தக் கொலைகளால். இன்றும் இணையத்தில் ஊர்ப்பெயரைத் தட்டினால் அதுதான் முதலில் வந்து நிற்கும். பல்லாயிரம் பேர் பிறந்து, பால் வெட்டி, கல்யாணம் பண்ணி, செத்துப்போன ஊர் வெளியுலகத்துக்கு மூன்று பிணங்களால்தான் தெரிந்தது. எது செய்தி என்று முடிவெடுக்கும் அதிகாரம் வேறெங்கோ இருந்தால் இப்படித்தான் ஆகும்.

அவசரகாலத்தில் அரசாங்கத்துக்குத் தோட்டத்துக்காரர்களின் காது தேவைப்பட்டது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசியும் ஆதரவும் போகக்கூடாது. அதனால் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் பொது வானொலிப் பெட்டிகள் வந்தன. படம் காட்டும் வண்டிகளும் வந்தன. திடலில் வெள்ளைத் துணி கட்டி, அரசாங்கப் படப்பிடிப்புப் பிரிவு எடுத்த படங்களைக் காட்டுவார்கள். நடுவே ஒலிபெருக்கியில் அறிவுரை. அப்பாவுக்கு அந்த அறிவுரையில் ஒரு சொல்கூட நினைவில்லை. துணியின்மேல் வந்து மோதிய ஈசல்கள் நினைவிருக்கின்றன, வண்டிக்காரர் ஒருமுறை தவறுதலாகப் படத்தைத் தலைகீழாக ஓட்டியது நினைவிருக்கிறது. பிரச்சாரம் பண்ணுகிறவர்கள் இதைக் கேட்டால் வருத்தப்படுவார்கள். வண்டி இரவோடு இரவாகப் போய்விடும். கேள்வி கேட்க எதிரே யாரும் இல்லை. அதனால் சனங்கள் படத்தை வேடிக்கை பார்த்தார்கள், அவ்வளவே.

வானொலி மட்டும் வண்டியைப்போல் வந்து போய்விடவில்லை. அறுபதுகளில் லயத்து வீடுகளுக்குள் டிரான்சிஸ்டர் நுழைந்த பிறகு, அரசாங்க வானொலியின் தமிழ்ப் பிரிவு குடும்பத்தில் ஒருவராகிவிட்டது. பிற்காலத்தில் அது வானொலி ஆறு, அதற்கும் பிறகு மின்னல் எஃப்.எம். ஒரு நிமிடம் நேயர் விருப்பத்தில் நிற்கிறேன். பாட்டைவிடப் பெயர்ப்பட்டியல்தான் முக்கியம் அதில். அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினால், அறிவிப்பாளர் அழகான தமிழில், "சுங்கை சிப்புட், டோவன்பி தோட்டத்திலிருந்து" என்று தொடங்கி அப்பா, அம்மா, அக்கா, தங்கை, மாமன் மகன், பக்கத்து வீடு வரை ஒரு மூச்சில் வாசிப்பார். எங்கோ இங்கிலாந்தில் பிறந்து துரைமாரோடு வந்திறங்கிய தோட்டப் பெயர் தமிழ் நாக்கில் ஏறி, நாடு முழுக்க ஒலிக்கும். எங்கள் வீட்டுப் பெயர் ஒருமுறை வந்தது. பாட்டி பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள். சாகும்வரை பாட்டி அந்த அறிவிப்பாளரை மன்னிக்கவில்லை.

கொலையோ தேர்தலோ இல்லாத நாளில் ஊரின் பெயர் வெளியே ஒலித்தது அங்கே மட்டும்தான். மற்றபடி செய்தி ஒருவழிப் பாதை. 1963 டிசம்பரில் தொலைக்காட்சி, 1996-இல் ஆஸ்ட்ரோ என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சி. லயத்துத் தகரக் கூரைகளில் தட்டு முளைத்தது. சென்னையிலிருந்து நாடகங்கள் வந்தன. கோயிலில் மாலைப் பூசைக்கு ஆள் குறைந்தது, பூசாரி நேரத்தை முன்னால் தள்ளிவைத்தார். சென்னையில் மழை பெய்தால் எங்களுக்குத் தெரியும், பக்கத்துக் கம்பத்தில் (கிராமத்தில்) ஆறு பெருகினால் மறுநாள்தான் தெரியும். இதைப்பற்றிப் புலம்புவோர் அதிகம் என்பதால் நான் விட்டுவிடுகிறேன். நாடகம் பார்த்துக் கெட்டுப்போனோம் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் கெட்டுப்போனவர்கள் என்று அடுத்த வீட்டாரைத்தான் காட்டுகிறார்கள்.

2008-க்கு வருவோம். சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியை 1974 முதல் ச. சாமிவேலு வைத்திருந்தார். ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர், அமைச்சர், அதற்கெல்லாம் முன்பு வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். தமிழ் நேசன் அவருடைய குடும்பத்தார் கையில் இருந்தது. நாட்டின் எந்த நாளிதழும் 1984-ஆம் ஆண்டு அச்சுச் சட்டப்படி ஒவ்வொரு வருடமும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2012-இல்தான் அந்த வருடாந்தரப் புதுப்பிப்பை எடுத்தார்கள். உரிமம் போய்விடுமோ என்ற பயம் ஆசிரியர் மேசையில் நிரந்தரமாக உட்கார்ந்திருந்த காலம். ஆக, ஒரு அரசியல்வாதிக்கு வேண்டிய ஊடக பலம் அத்தனையும் ஒரு பக்கம். எதிரே நின்றவர் சோசலிசக் கட்சிக்காரரான மருத்துவர் ஜெயக்குமார், எதிர்க்கட்சியான கெஅடிலானின் சின்னத்தில் நின்றவர், 1,821 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

எப்படி நடந்தது? 2007 நவம்பர் 25 அன்று இந்தியர் உரிமை கேட்ட இண்ட்ராப் இயக்கத்தின் பேரணிக்காக ஆயிரக்கணக்கான தமிழர்கள் கோலாலம்பூர் வீதிகளில் திரண்டதும், அவர்கள்மேல் கண்ணீர்ப்புகையும் இரசாயன நீரும் அடித்ததும் பெரும் காரணம். அந்தக் காட்சிகளை நாளிதழ்கள் காட்டிய விதத்துக்கும், இணையத்தில் பார்த்ததற்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இணையத்தைத் தணிக்கை செய்ய மாட்டோம் என்று தொண்ணூறுகளில் மல்டிமீடியா பெருவழித் திட்டத்துக்காக அரசாங்கம் முதலீட்டாளர்களுக்குக் கொடுத்த வாக்குறுதி, பத்து வருடம் கழித்து இப்படி ஒரு ஓட்டை திறக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் அப்போது வீடுகளில் இணையம் குறைவு. பேரணிப் படம் குறுந்தட்டில் வந்தது. கோலாலம்பூரில் வேலை பார்த்த பிள்ளைகள் பொங்கலுக்கு வரும்போது கொண்டுவந்து அம்மா அப்பாவுக்குப் போட்டுக் காட்டினார்கள். "நான் அங்க நின்னேம்மா, கண்ணு எரிஞ்சுது" என்று மகன் சொன்னால், மறுநாள் காலை வரும் பேப்பர் என்ன செய்ய முடியும்?

கோயில் இடிப்பு, சம்பளம், வேலை, வீடு என்று வாக்குக்குப் பின்னால் இன்னும் பல வருத்தங்கள் இருந்தன, எல்லாவற்றையும் ஊடகக் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஆனாலும் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. பேப்பர் இருந்தது, பேப்பரைப் படித்துக் காட்ட ஆள் இல்லை. வாத்தியார் வீட்டுப் பலகைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் கதை கித்தாவில் போய் முடியும். மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டார்கள். செம்பனைக்குக் கித்தா அளவு கை தேவையில்லை, இருந்த வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். லயம் காலியானது. சனங்கள் டவுனை ஒட்டிய தாமான்களுக்கும் (வீடமைப்புப் பகுதிகளுக்கும்) அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள். ஒரே தோட்டத்து ஆட்கள் எட்டுத் தாமானில். பிற்பகல் பலகை கலைந்தது. கட்சிக் கிளைத் தலைவர் அந்த இடத்தில் உட்காரப் பார்த்தார். ஆனால் அவர் மேலிருந்து கீழே சொல்ல வந்தவர், "நமக்கு என்னா?" என்று கேட்டால் பதில் இல்லாதவர்.

அந்தக் காலி இடத்தில்தான் கைப்பேசி வந்து உட்கார்ந்தது. நம் நாளிதழ்கள் அதைப் புலனம் என்று அழகாக எழுதுகின்றன, வாயில் வருவது வாட்சாப்தான். ராய்ட்டர்ஸ் ஆய்வு நிலையம் 2017-இல் கணக்கெடுத்தபோது மலேசியாவில் கேட்கப்பட்ட இணையப் பயனாளர்களில் 51 விழுக்காட்டினர் செய்திக்கு வாட்சாப்பைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். உலக நாடுகளை ஒப்பிட்டால் அது மிக அதிகம். எனக்கு வியப்பில்லை. சிதறிப்போன லயத்தை மறுபடி ஒன்று சேர்க்கும் வசதி அது. எங்கள் பழைய தோட்டத்துக்கு ஒரு குரூப் இருக்கிறது. ஜொகூர் பாருவில் இருப்பவரும் சிங்கப்பூரில் வேலை செய்பவரும் அதில் உண்டு. திருவிழாப் படம், பழைய பள்ளிப் படம், யாருக்கு ரத்தம் வேண்டும், யார் பிள்ளைக்கு வேலை வேண்டும் எல்லாம் அதில் வரும். பயன் இல்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன்.

ஆனால் பலகையில் இருந்த ஒரு விஷயம் இதில் இல்லை. வாத்தியாரிடம் கேள்வி கேட்டால், அவர் கையிலிருந்த தாளைக் காட்டுவார். தாளில் பத்திரிகையின் பெயரும், அச்சிட்டவர் விலாசமும் இருக்கும். மச்சானிடம் கேட்டால் மச்சானிடம் காட்ட ஒன்றும் இல்லை. அவருக்கும் வந்தது, அனுப்பினார். அந்தக் குரல் பதிவைப் பேசியவர் எங்கள் ஊருக்கு முகம் தெரியாதவர். ஊருக்குள் வரும்போது மச்சானின் முகத்தை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். முன்பு நம்பிக்கையும் பொறுப்பும் ஒரே ஆளிடம் இருந்தன. இப்போது நம்பிக்கை மச்சானிடம் இருக்கிறது, பொறுப்பு யாரிடமும் இல்லை. பதிவில் பேசியவருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் செய்தி வாசிப்பவர்போல் பேசவில்லை, மூச்சிரைக்க ஒரு சொந்தக்காரர்போல் பேசினார்.

வாட்சாப் நிறுவனம் 2018-இல் 'முன்னனுப்பப்பட்டது' என்ற அடையாளத்தைச் சேர்த்தது. 2019 தொடக்கத்தில் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. ஏதோ கொஞ்சம் வேகம் குறைந்திருக்கும். எங்கள் ஒட்டுக்கடை அண்ணன் அந்தச் சிறிய அம்புக்குறியை, "இது நிறைய பேருக்குப் போயிருக்கு, அப்ப உண்மைதான்" என்று படித்தார். எச்சரிக்கையாக வைத்த குறி அவருக்குச் சான்றிதழாகிவிட்டது. அடையாளம் வைத்தவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் வந்து ஒரு தே குடித்திருந்தால் தெரிந்திருக்கும்.

தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது, தொண்ணூற்று நான்கு வருடம் ஓடி. மலேசிய நண்பன், மக்கள் ஓசை, தமிழ் மலர் ஆகியவை அதற்குப் பிறகும் வந்தன. எங்கள் டவுனில் நான் முடி வெட்டிக்கொள்ளும் கடையில் ஒரு பேப்பர் வாங்குகிறார்கள். முன்பக்க அரசியலை யாரும் தொடுவதில்லை, அதெல்லாம் முந்தின இரவே கைக்கு வந்துவிட்டது. நேராக உள்பக்கம், கருமக்கிரியை விளம்பரங்கள். சின்னச் சதுரப் படம், கீழே பேர், வயது, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்.

போன மாதம் அங்கே காத்திருந்தபோது வயதான ஒருவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். முடி வெட்டும் அண்ணன் கத்தரிக்கோலை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எந்தத் தோட்டமுங்க ஐயா?"

"முன்னாள் எல்பில்னு போட்டிருக்கு."

"எல்பில்ல இந்தப் பேர்ல ரெண்டு பேரு இருந்தாங்களே. மேல் லயமா, கீழ் லயமா?"

பெரியவர் கண்ணாடியை இறக்கி, தாளை முகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோனார். மருமக்கள் வரிசையை விரலால் தடவி, மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.